ஃப்ரீசர் இல்லாமல் குல்ஃபி: ஐஸும் கல்லுப்பும் போதும்

ராத்திரி மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டியில் ஃப்ரீசர் கிடையாது. பானைக்குள் ஐஸும் உப்பும்தான். அதையே வீட்டில் செய்யலாம்.

அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, மூன்று ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய் போட்டு நன்றாக ஆறவிடுங்கள். இறுக்கமான மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் முக்கால் அளவு ஊற்றுங்கள், உறையும்போது பால் கொஞ்சம் விரியும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், சூடு வெளியேற நேரமாகும்.

வெறும் ஐஸில் வைத்தால் பால் சில்லென்று ஆகுமே தவிர உறையாது. உருகுகிற ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும். பாலோ சர்க்கரை போடாமலேயே மைனஸ் அரை டிகிரி வாக்கில்தான் உறையும். (தண்ணீர் கலந்த பாலைப் பால் பண்ணைகளில் இதை வைத்தும் பிடிப்பார்கள், தண்ணீர் சேரச் சேர உறைநிலை 0-வை நோக்கி ஏறிவிடும்.) சர்க்கரை அதை இன்னும் கீழே இறக்கும், அதனால் தித்திப்பாக இருக்கட்டும் என்று அள்ளிப் போட்டால் குல்ஃபி கொழகொழவென்றே நிற்கும்.

சரி, வாளிக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸை உடைத்து, 300 கிராம் கல்லுப்போடு மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் டப்பாக்களைப் புதைத்து, வாளியைச் சாக்கால் சுற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

உப்பு தானாகக் குளிர்ச்சி தருவதில்லை. ஐஸின் மேலுள்ள ஈரத்தில் அது கரைந்ததும் அந்தத் தண்ணீர் மறுபடி ஐஸாக ஒட்டுவது குறைந்து, உருகுவது மட்டும் நடந்துகொண்டே இருக்கும். உருகுவதற்கு வேண்டிய சூட்டை ஐஸ் தன்னிடமிருந்தும் உங்கள் பாலிடமிருந்தும்தான் உறிஞ்சும். வாளிக்குள் மைனஸ் 10, 15 வரை போகும். எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் மைனஸ் 21-க்குக் கீழே இறங்காது.

உப்புக்குப் பதில் சர்க்கரை போடலாமா? கட்டுப்படியாகாது. உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உப்பு தண்ணீரில் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்துவிடும், சர்க்கரை பிரியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 58 கிராம் உப்பு மூன்றரை டிகிரி அளவுக்கு இறக்கும், 342 கிராம் சர்க்கரையோ இரண்டு டிகிரியைத்தான் எட்டும்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள், இளகலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஐஸும் உப்பும் போட்டு மூடுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், தோல் வெந்தது மாதிரி ஆகிவிடும். டப்பாவைத் திறக்குமுன் வெளிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் உள்ளே போனாலும் வாயில் வைக்க முடியாது. அப்புறம், மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், கருகிவிடும்.