தங்க, வெள்ளி நினைவுப் பதக்கம் சேர்க்கத் தொடங்குறது எப்பிடி: கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு

காசு குடுத்து ஒண்டும் வாங்க முதல் வீட்டு லாச்சிகளைத் திறந்து பாருங்கோ. அனேகமான எங்கட வீடுகளில ஏதோ ஒண்டு கிடக்கும், அம்மப்பா ரிட்டயர் ஆகேக்க கம்பனி குடுத்த வெள்ளி மெடல், பள்ளிக்கூட நூற்றாண்டு விழாவுக்கு அடிச்ச பதக்கம், திருப்பதிக்குப் போன ஆரோ கொண்டு வந்த பெருமாள் டொலர், இல்லாட்டி 1957 இல வந்த புத்த ஜயந்தி அஞ்சு ரூபா வெள்ளிக்குத்தி. அதை எடுத்து மேசையில வைச்சு லைட்டைப் போட்டு வடிவாப் பாருங்கோ. தொட்டுப் பாக்க ஒண்டு கையில இருந்தாத்தான் கீழ நான் சொல்லுறது எல்லாம் விளங்கும்.

இதில முதல் பிரிச்சுப் பாக்க வேண்டியது நாணயமா பதக்கமா எண்டதை. 1957 குத்தியில பெறுமதி அடிச்சிருக்கு, அது அரசாங்கத்தின்ர காசு, அதால அதின்ர நிறை, வெள்ளி வீதம் எல்லாம் பதிவில இருக்கு, 28.28 கிராம், ஸ்டேர்லிங் எண்டு சொல்லுற 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில 925 பங்கு வெள்ளி. மத்திய வங்கி வெளியிட்ட மற்ற ஞாபகார்த்தக் குத்திகளும் அப்பிடித்தான், 1998 இல சுதந்திரத்தின்ர 50ஆவது ஆண்டுக்கு வந்த 5000 ரூபா தங்கமும் 1000 ரூபா வெள்ளியும், 1996 கிரிக்கெட் உலகக்கிண்ண வெற்றிக்கு 1999 இல வந்த 1000 ரூபா வெள்ளியும். பதக்கம் அப்பிடியில்ல. அதில முகப்பெறுமதி இல்ல, காசு அடிக்கிற அரசாங்க மிண்டும் அடிக்கலாம், தனியார் கம்பனியும் அடிக்கலாம், செட்டியார் தெருவில ஒரு நகைப் பட்டறையும் அடிக்கலாம். சுதந்திரமா வடிவமைக்கலாம் எண்டதால சில பதக்கங்கள் எந்தக் காசையும் விட அழகு, ஆனா பின்னால நிக்கிறதுக்கு ஒரு வங்கி இல்ல எண்டதால ஒவ்வொண்டையும் நீங்கதான் சோதிக்கோணும்.

விலை கேட்டவுடன மனசுக்குள்ள அதை ரெண்டாப் பிரிக்கப் பழகுங்கோ, உலோகத்துக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு. கதை எண்டது அது எதுக்கு அடிச்சது, எத்தினை அடிச்சது எண்ட பின்னணி. நான் இந்த ஒரு பழக்கத்தைத்தான் எல்லாருக்கும் முதல்ல சொல்லிக் குடுக்கிறது. 28.28 கிராம் ஸ்டேர்லிங் பதக்கம் எண்டா 28.28 ஐ 0.925 ஆல பெருக்குங்கோ, 26.16 கிராம் சுத்த வெள்ளி வரும், அதை அண்டைய கிராம் விலையால பெருக்கினா உலோகத்தின்ர பெறுமதி. தங்கம் எண்டா எங்கட ஆக்களுக்கு பவுண் கணக்கு பழக்கம்தானே, 8 கிராம் 22 கரட் எண்டா உள்ளுக்க இருக்கிற சுத்தத் தங்கம் 7.33 கிராம். வெளிநாட்டு மிண்டுகள் அவுன்ஸ் எண்டு சொல்லுறது 31.1 கிராம், சமையல் புத்தகத்தில வாற 28 கிராம் அவுன்ஸ் இல்ல, இதில கனபேர் பிழை விடுகினம். இப்ப கேட்ட விலை உலோகத்தின்ர மூண்டு மடங்கு எண்டா அதில ரெண்டு பங்கு கதைக்குக் குடுக்கிறீங்கள். குடுக்கக் கூடாது எண்டு இல்ல, அந்தக் கதை உங்களுக்கு அவ்வளவு பெறுமதியா, நாளைக்கு இன்னொராளுக்கும் பெறுமதியா இருக்குமா எண்டு யோசிச்சிட்டுக் குடுங்கோ. தங்கத்தில அனேகமா விலையின்ர பெரும்பங்கு உலோகம்தான், வெள்ளியில கதையின்ர பங்கு கூட, ஆனா மொத்தக் காசு குறைவு எண்டதால பிழை விட்டாலும் தாங்கலாம், அதால வெள்ளியில தொடங்குங்கோ.

"லிமிட்டட் எடிஷன்" எண்ட சொல்லுக்கு மயங்காதேங்கோ. 5000 மட்டும் எண்டு பொக்ஸில போட்டிருந்தா அந்த 5000 எதுக்கு எண்டு கேளுங்கோ. வெள்ளியில 5000, அதே அச்சில தங்கப்பூச்சு 5000, வெண்கலம் 10000, சின்ன சைஸ் வேற எண்டு இருந்தா அதே முகம் உள்ள பதக்கம் உலகத்தில கனக்க இருக்கு. 5000 எண்டது ஆகக்கூடின எண்ணிக்கையா உண்மையில அடிச்ச எண்ணிக்கையா எண்டதும் வேற வேற. மறுபக்கம், அடிச்சது கனக்க எண்டாலும் மிச்சம் இருக்கிறது குறைவா இருக்கலாம், அந்த 1957 அஞ்சு ரூபா 5 இலட்சம் அடிச்சதில அரைவாசி அளவு திரும்பவும் உருக்கப் போட்டுது.

எண்ணிக்கையை விட முக்கியம் ஆசைப்படுற ஆக்கள் எத்தினை பேர் எண்டது. அமெரிக்காவில 1964 இல தொடங்கின ஃபிராங்ளின் மிண்ட் எழுபதுகளில சந்தாக் கட்டின ஆக்களுக்கு மாசம் மாசம் ஸ்டேர்லிங் பதக்கம் அனுப்பினது, ஒவ்வொரு செட்டும் லிமிட்டட், அல்பம், சேர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கு, வேலைப்பாடும் நல்லம். ஆனா 1980 ஜனவரியில வெள்ளி அவுன்ஸ் 50 டொலருக்குக் கிட்டப் போகேக்க எக்கச்சக்கமானது உருக்கப் போட்டுது, இண்டைக்கும் அதில அனேகம் வெள்ளி விலைக்குக் கிட்டத்தான் கைமாறுது. வாங்கின முதல் ஆளுக்கு அது நட்டம், ஆனா இப்ப தொடங்குற உங்களுக்கு நல்லது, உண்மையான ஸ்டேர்லிங், நல்ல அச்சு, கதைக்கு ஒண்டும் பெரிசாக் குடுக்கத் தேவையில்ல. வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் வரேக்க ஒண்டு ரெண்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லலாம். தபாலில எடுக்கிறது எண்டா அனுப்புற செலவையும் சுங்கத் தீர்வையையும் விலையோட கூட்டிப் பாத்திட்டு ஓடர் பண்ணுங்கோ, கூட்டாமல் விட்டா மலிவு எண்டு நினைச்சு எடுத்தது மலிவா இருக்காது.

பதக்கத்தில உள்ள எழுத்தை வாசிக்கப் பழகோணும், விளிம்பில, பின்பக்கத்தில, சின்னனா இருக்கும், பத்து மடங்கு பெருப்பிச்சுக் காட்டுற லூப் கண்ணாடி ஒண்டு வாங்குங்கோ. 999, 925, 916 எண்டா சுத்தத்தின்ர அளவு. இங்கிலாந்து வெள்ளியில நடக்கிற சிங்கம் ஒண்டு இருக்கும், அது ஸ்டேர்லிங் அடையாளம். ஜேர்மன் சில்வர் எண்டதில ஒரு பொட்டு வெள்ளியும் இல்ல, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். ஈ.பி.என்.எஸ். எண்டா வெள்ளிப்பூச்சு. "24 கரட் தங்கத்தால மூடினது" எண்டா தங்கப்பூச்சு, அதில 24 எண்ட நம்பர்தான் பெரிசு, தங்கம் இல்ல. "100 மில்ஸ் .999" எண்டு போட்டதைக் கண்டா அதுவும் பூச்சுத்தான்.

எழுத்தையும் நம்பி நிக்கேலாது. புறக்கோட்டையில ஒராளிட்ட பழைய வெள்ளிப் பதக்கம் எண்டு நான் ஒண்டு வாங்கினன், கனம், குளிர்ச்சி, ஓரத்தில கொஞ்சம் கறுத்து அப்பிடியே வெள்ளி மாதிரி, கையில தூக்கிப் பாத்தே நம்பிட்டன். வீட்ட வந்து தண்ணிச் சோதனை செய்தாப் பிறகுதான் அது வெள்ளி இல்ல எண்டு தெரிஞ்சுது. அந்தச் சோதனையை நீங்க வாங்கின அண்டைக்கே செய்யுங்கோ, பாவிச்ச சாமான் எண்டா திருப்பிக் குடுக்கலாமா எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

செய்யிறது இப்பிடி. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு வேணும், நகைக்காரர் பாவிக்கிறது. பதக்கத்தை நிறுத்து எழுதுங்கோ, உதாரணத்துக்கு 28.30 கிராம். பிறகு ஒரு தம்ளரில முக்கால்வாசி தண்ணி விட்டு (கொதிச்சு ஆறின தண்ணி நல்லம்) தராசில வைச்சு சைபர் ஆக்குங்கோ. பதக்கத்தை மெல்லிய நூலில கட்டி தண்ணிக்க முழுசா முங்க விடுங்கோ, அடியில முட்டக்கூடாது, பக்கத்திலயும் முட்டக்கூடாது, காற்றுக்குமிழி ஒட்டியிருந்தா மெல்லமா ஆட்டி எடுத்து விடுங்கோ. கையை ஆட்டாமல் பிடிச்சுக்கொண்டு தராசைப் பாத்தா 2.73 எண்டு வருது எண்டு வைப்பம். 28.30 ஐ 2.73 ஆல பிரிச்சா 10.37, இதுதான் அடர்த்தி, தண்ணியை விட எத்தினை மடங்கு கனம் எண்டது. ஸ்டேர்லிங் 10.3, 10.4 க்குள்ள நிக்கும், சுத்த வெள்ளி 10.49, 22 கரட் தங்கம் 17.5 க்கு மேல, சுத்தத் தங்கம் 19.3. பித்தளை 8.5 அளவு, செம்பு நிக்கல் கலவை 8.9, ஈயம் 11.3. என்ட புறக்கோட்டைப் பதக்கம் 8.8 காட்டிச்சுது. மூண்டு தரம் செய்து பாத்தன், மூண்டு தரமும் அதே. பிறகு நூலை அவிட்டு மெல்லிய பருத்தித் துணியில ஒத்தி எடுங்கோ, தேய்க்கக் கூடாது, கண்ணாடி மாதிரி மினுங்குற ப்ரூஃப் பதக்கத்துக்கு தண்ணிச் சோதனையே செய்யாதேங்கோ, அதுகளை நம்பிக்கையான இடத்தில சீல் உடைக்காமல் வாங்கிறதுதான் வழி. தங்கத்தில இன்னொரு விசயம், டங்ஸ்டன் எண்ட உலோகத்தின்ர அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கு அவ்வளவு கிட்ட, அதால பெரிய 24 கரட் பதக்கத்துக்கு தண்ணிச் சோதனை மட்டும் காணாது.

செட்டியார் தெருவில சில கடைகளில மெஷினில வைச்சு கரட் பாத்துத் தருவினம், அது மேற்பரப்பைத்தான் பாக்கும், தடிச்ச பூச்சு எண்டா ஏமாறும், அதால ரெண்டு சோதனையும் சேர்த்துச் செய்யுங்கோ. ஆனா எந்தக் காரணத்துக்கும் நகை செய்யிற பத்தரை உரைகல்லில உரைக்க விடாதேங்கோ. நகைக்கு அது ஒண்டும் செய்யாது, பதக்கத்தின்ர விளிம்பில விழுந்த அந்தக் கீறல் பிறகு சாகும் வரைக்கும் போகாது.

பழைய பதக்கம் விருப்பம் எண்டா கொழும்பில கண்ணில படுறது பிரிட்டிஷ் காலத்து முடிசூட்டு, ஜுபிலி பதக்கங்கள். இதில எனக்குப் பிடிச்சது 1902, ஏழாம் எட்வேர்ட். ஜூன் 26 முடிசூட்டு எண்டு நாள் குறிச்சு, தனியார் கம்பனியள் எல்லாம் அந்தத் திகதியைப் போட்டு ஆயிரக்கணக்கில அடிச்சு முடிய, ராஜாவுக்கு வயித்துக்க அப்பெண்டிசைட்டிஸ் வந்து ஒப்பரேஷன், விழா ஓகஸ்ட் 9 க்குப் போயிட்டுது. றோயல் மிண்ட் அடிச்ச உத்தியோகபூர்வ பதக்கத்தில ஓகஸ்ட் 9 எண்டு இருக்கும், ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் அலெக்சாண்ட்ரா ராணி, பெரிசு 55 மில்லிமீற்றர், சின்னது 31, தங்கம், வெள்ளி, வெண்கலம் மூண்டிலயும் அடிச்சது. ஜூன் 26 போட்டது வேற கம்பனியளின்ர, அதில வெள்ளியும் இருக்கு, ஆனா கனக்க வெள்ளீயக் கலவையும் அலுமினியமும்தான். லூப்பில திகதியைப் பாத்தாலே பாதிக் கதை தெரிஞ்சிடும்.

கண் பழகிறதுக்கு கோட்டையில சதாம் வீதிக்குப் போங்கோ, அங்க ஒரு பழைய கட்டடத்தில மத்திய வங்கியின்ர பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கு, ஞாபகார்த்தக் குத்திகளை நேரில பாக்கலாம். நல்ல ப்ரூஃப் அச்சு எண்டா என்ன, மினுங்குற தளமும் அதில மங்கலா எழும்பி நிக்கிற உருவமும் எப்பிடி இருக்கும் எண்டதைப் படத்தில பாத்து விளங்காது, ஒருக்கா கண்ணால பாத்தாப் போதும்.

இனி வைக்கிற விதம், இதில நான் கொஞ்சம் கூட எழுதுறன், ஏனெண்டா வாங்கிறதில விடுற பிழையை விட வைக்கிறதில விடுற பிழையாலதான் கனக்கப் பதக்கம் பாழாப் போனது. என்னிட்ட ஒரு ப்ரூஃப் வெள்ளிப் பதக்கம் இருந்தது, லேசா மஞ்சள் ஏறினது. பெரியம்மா வந்து நிண்ட நேரம், பாவம், நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு சாமியறை வெள்ளி விளக்குகளோட சேத்து அதையும் திருநீறு போட்டுத் தேய்ச்சு வைச்சிட்டா. விளக்கு பளிச்செண்டு வந்தது. பதக்கத்தை லைட்டில சரிச்சுப் பிடிச்சுப் பாத்தா தளம் முழுக்க தலைமயிர் மாதிரி வட்ட வட்டமாக் கோடு. அந்தக் கண்ணாடி திரும்பி வராது. அதால வீட்டில எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ, திருநீறு வேண்டாம், பற்பசை வேண்டாம், சில்வர் டிப் எண்ட வெள்ளி கழுவுற மருந்து வேண்டாம், புளி தேசிக்காய் கிட்டவும் வேண்டாம். கறுத்த பதக்கத்தை கறுப்பாவே விடுங்கோ, மெதுவா ஏறின நீலம், பொன்னிறத்துக்கு ஆசைப்பட்டு கூடக் காசு குடுக்கிற ஆக்களும் இருக்கினம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடல்காத்து அலுமாரிக்குள்ளயும் வரும். வெள்ளியைக் கறுக்கப் பண்ணுறது கந்தகம், அது றப்பர் பாண்டில இருக்கு, பேப்பரில இருக்கு, மட்டமான பலகையில இருக்கு, இதொண்டும் பதக்கத்துக்குக் கிட்ட வேண்டாம். மெதுவா வளையிற, மணக்கிற பிளாஸ்டிக் உறை பி.வி.சி., கொஞ்சக் காலத்தில பச்சையா ஒரு பிசின் விடும், அது உலோகத்தைத் தின்னும். அப்பிடிப் பிசின் பிடிச்சா சுத்த அசிட்டோனில ஊற வைச்சு எடுக்கலாம், நகப்பூச்சு நீக்கிற தண்ணி வேற, அது வேண்டாம். அளவான அக்ரிலிக் கப்சூல் ஒண்டில போட்டு, காத்துப் போகாத டப்பாவில சிலிக்கா ஜெல் பக்கெட்டோட வையுங்கோ. எடுக்கேக்க விளிம்பில பிடியுங்கோ, முகத்தில கை பட்டா ஆறு மாசத்தில ரேகை தெரியும். 999 வெள்ளியில சிலவேளை பால் தெறிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி வரும், அது நீங்க செய்த பிழை இல்ல, அடிக்கிற இடத்தில இருந்து வாறது, எடுக்கவும் ஏலாது, வாங்கேக்கையே பாத்து வாங்குங்கோ.

பொக்ஸ், சேர்ட்டிபிகேட், வெளி மட்டை எதையும் எறியாதேங்கோ, நம்பர் போட்ட சேர்ட்டிபிகேட் இல்லாத லிமிட்டட் பதக்கத்தை விக்கேக்க ஆரும் கதைக்குக் காசு தர மாட்டினம். விக்கிற நேரம் செட்டியார் தெருவுக்குக் கொண்டு போனா உலோக விலைதான், அதிலயும் கழிச்சுத்தான் தருவினம், அவையின்ர வியாபாரம் அது. கதைக்கு விலை வேணும் எண்டா சேர்க்கிற ஆளைத்தான் தேடோணும், அதுக்கு மாசக்கணக்கு ஆகலாம், அவசரக் காசை இதில போடாதேங்கோ. சரியான பழைய சாமான் ஒண்டை வெளிநாட்டுக்குக் கொண்டு போறதெண்டா தொல்பொருள் சட்டம் இருக்கு, திணைக்களத்தில கேட்டு அனுமதி எடுத்திட்டுப் போங்கோ.

கடைசியா ஒரு கொப்பி. வாங்கின திகதி, ஆரிட்ட, எவ்வளவு, அண்டைக்கு உலோக விலை என்ன, நிறை, விட்டம், தண்ணிச் சோதனையில வந்த நம்பர், ரெண்டு பக்கமும் எடுத்த படம். பதக்கம் கப்சூலுக்க இருக்கேக்க ஆருக்கும் அது வெறும் பெரிய வெள்ளிக்காசு மாதிரித்தான், நீங்க இல்லாத நேரம் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு நகைக்கடைக்குத்தான் போவினம். கொப்பி எந்த லாச்சியில, திறப்பு எங்க எண்டு வீட்டில ஒராளுக்கெண்டாலும் சொல்லி வையுங்கோ.