ஆம்புலன்ஸ் என்று ஒதுங்கினேன், கத்தியது என் கார்

வேலூர்க்காரனுக்குச் சைரன் கேட்டால் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடும். ஆஸ்பத்திரி ஊர், பழகிய கால். போன மே மாதம் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வீட்டுக்கு வரும்போது அப்படித்தான் பின்னால் சைரன் கேட்டது. காலை எடுத்து இடப்பக்கம் ஒதுங்கினேன். சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு வண்டியும் இல்லை. மறுபடி மிதித்தேன், மறுபடி சைரன். வீட்டம்மாதான் சொன்னார்: "இன்னாங்க, நம்ம வண்டிதாங்க கத்துது."

வண்டி 2009 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல், 1,80,000 கிலோமீட்டர் ஓடியது. (என்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்னச் சக்கரம்தான் டர்போ.) மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து நியூட்ரலில் இரண்டு தடவை ரேஸ் கொடுத்துவிட்டு, "டர்போ பூட்ச்சிண்ணா, மாத்திடலாம்" என்றார்கள். அந்த இரண்டு ரேஸிலும் சைரன் வரவே இல்லை. வராத சத்தத்துக்கு எப்படி வைத்தியம் சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 22 வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவன். தோல் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம், புளோயர், பம்ப் எல்லாமே ஏதாவது ஒரு சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். சேர்ந்த புதிதில் ஃபோர்மேன் சொன்னது இன்றும் உதவுகிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அப்புறம் தேடு, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை முதலில் எழுது என்பார். காருக்கும் அதேதான். ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஆயில். சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் மற்ற ஆராய்ச்சி எல்லாம் பிறகு. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்து, கூடவே "டக் டக்" என்று கனமாக அடித்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் என்ஜினை இறக்கிப் பிரிக்கும்படி ஆகும்.

சரி, தாளில் என்ன எழுதுவது? காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிறதா, சூடேறியும் இருக்கிறதா. ஏசி போட்டால் மாறுகிறதா. கிளட்சை மிதித்தால் நிற்கிறதா, மிதித்தால்தான் வருகிறதா. நிற்பது போல் இருந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், மிதித்ததும் ஆரம்பித்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கை. ரோடு காலியாக இருக்கும்போது நியூட்ரலுக்கு வந்து வண்டியை உருள விடுங்கள். என்ஜின் சுற்று இறங்கிய பிறகும் வண்டியின் வேகத்தோடு சத்தம் சேர்ந்தே வந்தால் அது டயரோ வீல் பேரிங்கோ, என்ஜின் மேல் பழி போட வேண்டாம்.

கடைசிக் கேள்விதான் டர்போ வண்டிக்கு முக்கியம்: சும்மா ரேஸ் செய்தால் வருகிறதா, இழுவையில் மட்டும் வருகிறதா?

இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த இடம் காட்பாடி ரயில்வே மேம்பாலம். விடியற்காலை, கூட்டம் சேரும் முன், கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மிதிப்பேன். ஏற்றம் சுமை கொடுக்கும், பக்கச் சுவர் சத்தத்தைத் திருப்பிக் காதில் போடும். சமதரையில் தெரியாத சீறல்கூட அங்கே தெரியும். என் வண்டி பாலத்தின் பாதிவரை நன்றாகக் கத்தியது, கண்ணாடியில் கரும்புகையும் பார்த்தேன். காலை எடுத்த நொடியில் கப்சிப்.

அந்தக் கப்சிப்தான் விஷயம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுற்றுவது. பேரிங் தேய்ந்து அது கத்தினால், காலை எடுத்தாலும் சட்டென்று நிற்காது, சுற்று இறங்க இறங்கச் சத்தமும் இழுத்துக்கொண்டே இறங்கும். டர்போ தள்ளும் காற்று போகும் ரப்பர் ஓஸில் கிழிசல் என்றால், அழுத்தம் போனதும் சத்தமும் போய்விடும். நியூட்ரலில் ரேஸ் கொடுத்தால் சுமை இல்லாததால் ஓஸில் அழுத்தம் பெரிதாக ஏறாது. ஒர்க்‌ஷாப்பில் சைரன் வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

இருந்தாலும் டர்போவைப் பார்க்காமல் விடவில்லை. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினால் உள்ளே சின்னச் சக்கரம் தெரியும். அதன் நடு நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், அந்த ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதந்து சுற்றுவது, கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் ஆட்டம் விரலுக்குத் தெரியக் கூடாது. பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றிவிட்டால் இறக்கை சுவரில் உரசக் கூடாது. உரசியிருந்தால் இறக்கை முனை பளபளவென்று தேய்ந்திருக்கும். குழாய்க்குள் மெல்லிய ஆயில் பிசுபிசுப்பு சகஜம், குளம் கட்டி நின்றால்தான் சங்கதி. என் வண்டியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றை மறக்காதீர்கள்: குழாய் கழன்றிருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்து கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் விரல் மிஞ்சாது.

அடுத்து ஓஸ். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள். இந்த ஊர் வெயிலில் பதினைந்து வருடம் வெந்து, ஆயிலும் ஊறினால் ரப்பர் என்ன ஆகும்? மேல் பக்கம் நன்றாக இருந்தது. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பூஜை அறை விபூதியை எடுத்துச் சுற்றிலும் தூவினேன். (வீட்டம்மாவுக்கு இது தெரியாது. டால்கம் பவுடரும் போதும்.) மறுபடி ஒரு முறை மேம்பாலம் ஏறி இறங்கி வந்து பார்த்தால், கீழ் ஓஸின் அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் விபூதி பறந்து, ஆயில் ஈரம் புதிதாகத் தெளித்திருந்தது. அங்கே விரலால் மடக்கினேன். கட்டை விரல் நக நீளத்துக்கு ஒரு கிழிசல் வாய் திறந்தது. புது ஓஸும் இரண்டு கிளாம்பும் போட்டதோடு சைரனும் போனது, புகையும் போனது, பிக்கப்பும் திரும்பியது.

மற்ற சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் "டிக் டிக்" என்று அடித்து, சூடேறினால் அடங்குவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கட், அதாவது புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்து அடைப்பு. இரும்பு விரிந்து ஓட்டையை மூடிக்கொள்ளும், அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். "சஃப் சஃப்" என்று மூச்சு விட்டால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியில் தார் மாதிரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வாஷர் போயிருக்கும். ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நொடி மட்டும் சங்கிலி உலுக்குவது போல் கேட்டால் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெல்ட் கிறீச்சிட்டால் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் பெல்ட்தான். எந்த பேரிங் என்று தெரியாவிட்டால் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் கைப்பிடியைக் காதோரம் கொண்டுபோங்கள். தொழிற்சாலையில் நாங்கள் இரும்புக் கம்பியை வைத்துக் கேட்போம். துப்பட்டா, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது, ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றும்.

விளையாடக் கூடாத சத்தம் ஒன்று உண்டு. உரசலோடு நீலப் புகை கொட்டினால் டர்போ வழியாக ஆயில் என்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். முற்றினால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழுதாக அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை மூச்சடைக்க வைக்க வேண்டும். நீலப் புகையோடு ஓட்டிப் பார்க்காதீர்கள், டோ செய்து கொண்டுபோங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "டர்போவைப் பாருங்க" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். தாளில் எழுதியதைப் படித்துக் காட்டி, அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றம் போய் வாருங்கள்.

பள்ளிகொண்டா பக்கம் இப்போது சைரன் கேட்டாலும் முதலில் காலைத்தான் எடுக்கிறேன். எடுத்த பிறகும் கேட்டால், அது ஆம்புலன்ஸ்.