நீர்மோர்க் கடையும் நான்கு புள்ளிக்கோட்டு நாணயங்களும்: சிறுதொழில் பற்றிய குழந்தைகள் கார்ட்டூன் அத்தியாயம் ஒன்றை எழுதி வரையும் முறை

குழந்தைகள் ஒரு சின்னக் கடை போடுகிறார்கள் என்பது கார்ட்டூன் எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்த கரு. இருந்தும் அப்படிப்பட்ட அத்தியாயங்கள் பலவற்றில் கடை இருக்கும், வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், ஆனால் கணக்கு இருக்காது. பணம் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போய்விடும். தொழில் பற்றிய கதையில் கணக்குதான் கதை என்பது என் கருத்து. ஏழு வயதுக் குழந்தை விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கக்கூடிய கணக்கு ஒன்றை முதலில் அமைத்துக்கொண்டால், சிரிப்பும் சிக்கலும் அதிலிருந்தே பிறக்கும். இதற்கு முன் கார்ட்டூனுக்கு எழுதியோ வரைந்தோ பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்து, ஓர் அத்தியாயத்தை முதலிலிருந்து உருவாக்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: ஒரு நல்ல முன்மாதிரியைப் பிரித்துப் பாருங்கள்

1999ஆம் ஆண்டு நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ்’ தொடரின் மூன்றாம் பருவத்தில், 2002இல் ஒளிபரப்பான ‘சாக்லேட் வித் நட்ஸ்’ என்ற அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அண்டை வீட்டுக்காரருக்கு வரவேண்டிய ஆடம்பர வாழ்க்கை இதழ் ஒன்று தவறுதலாக ஸ்பாஞ்ச்பாப்பிடம் வந்து சேர்கிறது. அதைப் பார்த்து மயங்கிய அவனும் நண்பன் பேட்ரிக்கும் பணக்காரர்களாக வேண்டும் என்று வீடு வீடாகச் சாக்லேட் விற்கக் கிளம்புகிறார்கள். தொடக்கத்திலேயே ஒரு பித்தலாட்டக்காரன், சாக்லேட்டை வெறுங்கையில் எடுத்துச் செல்லலாமா என்று கேட்டு அவர்கள் தலையில் பைகளைக் கட்டிவிடுகிறான். விற்கப் போனவர்கள் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். தொழில் தொடங்கும் எவருக்கும் நேரக்கூடிய இந்த விபத்து, அதாவது வரவுக்கு முன்னால் செலவு முந்திக்கொள்வது, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் ஒரே காட்சியில் புரிந்துவிடுகிறது.

அதே தொடரின் ‘பேட்டி ஹைப்’ அத்தியாயத்தில் சிக்கல் நேர்எதிரானது. பர்கர் போன்ற ‘பேட்டி’ என்ற தின்பண்டம் வண்ண வண்ணமாக அமோகமாக விற்கிறது, விற்றதே பின்னால் வினையாகிறது. ஆகவே உங்கள் கதையில் சரக்கு விற்காமல் கஷ்டம் வருகிறதா, விற்றதால் கஷ்டம் வருகிறதா என்பதை எழுதத் தொடங்குமுன்னரே முடிவு செய்துவிடுங்கள். ஒரே அத்தியாயத்தில் இரண்டையும் வைத்தால் இரண்டும் நிற்காது.

இவ்விரு அத்தியாயங்களும் அரைமணி நேர ஒளிபரப்பில் பாதியை நிரப்பும், ஏறத்தாழ 11 நிமிட நீளமுள்ளவை. நமக்கும் அந்த அளவே பொருத்தம்.

இரண்டாம் படி: கதைக்கு முன்னால் கணக்கை எழுதுங்கள்

எடுத்துக்காட்டாக நான் அமைக்கும் கதையில் பதினொரு வயது இன்பாவும் ஏழு வயதுத் தம்பி கதிரும் கோடை விடுமுறையில் தெருமுனையில் நீர்மோர் விற்கிறார்கள். ஒரு லிட்டர் தயிரில் மூன்று லிட்டர் தண்ணீர் சேர்த்துக் கடைந்தால் ஏறத்தாழ நான்கு லிட்டர் மோர் கிடைக்கும். 200 மில்லி கோப்பையில் ஊற்றினால் 20 கோப்பை. கதைக்காகப் பின்வரும் விலைகளை வைத்துக்கொள்வோம்: தயிர் 70 ரூபாய், காகிதக் கோப்பைகள் 20 ரூபாய், ஐஸ் 20 ரூபாய், இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, பெருங்காயம் எல்லாம் சேர்த்து 10 ரூபாய். ஆக ஒரு நாளைய முதலீடு 120 ரூபாய். முழுவதையும் அம்மா கடனாகத் தருகிறார்.

முதல் நாள் கோப்பை 5 ரூபாய் என்று விற்கிறார்கள். இருபதும் விற்றுத் தீர்ந்து 100 ரூபாய் சேர்கிறது. பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள், ஆனால் உண்மையில் 20 ரூபாய் நட்டம். இரண்டாம் நாள் விலையை 10 ரூபாயாக உயர்த்துகிறார்கள். அன்று பார்த்து எதிர்ப்பக்கம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இலவச நீர்மோர்ப் பந்தல் திறந்துவிடுகிறார். இரண்டே கோப்பை விற்று 20 ரூபாய் வருகிறது, 100 ரூபாய் நட்டம். மூன்றாம் நாள் 20 கோப்பையும் 10 ரூபாய்க்கு விற்று 200 ரூபாய் வருகிறது, 80 ரூபாய் இலாபம். மூன்று நாளையும் கூட்டிப் பார்த்தால் அம்மாவுக்கு இன்னும் 40 ரூபாய் பாக்கி.

இந்த 40 ரூபாயைக் கதையிலிருந்து நீக்கிவிட வேண்டாம். கடைசியில் பணமழை கொட்டுவதாக முடிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் மூன்றாம் நாள் முடிவில் கடன் குறைந்திருக்கிறது என்ற அளவிலேயே ஒரு பிள்ளை மகிழ்வதைக் காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் தனித்தன்மை.

மூன்றாம் படி: எண்ணைப் படமாக்குங்கள்

எழுத்தாளர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். ‘இலாபம்’, ‘முதலீடு’ என்ற சொற்களைப் பாட்டியின் வாயிலோ ஆசிரியரின் வாயிலோ வைத்து விளக்கினால் குழந்தை அந்த நிமிடமே வேறு பக்கம் திரும்பிவிடும். சொல்லுக்குப் பதிலாக ஒரு பொருள் வேண்டும். நம் கதையில் அந்தப் பொருள் ஐந்து ரூபாய் நாணயம்.

முதல் நாள் மாலை, திண்ணையில் 20 நாணயங்கள் ஒரே தூணாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கதிரின் மூக்கு உயரத்துக்கு நிற்கும்படி மிகைப்படுத்தியே வரையலாம். பிறகு இன்பா தயிருக்காக 14 நாணயங்களை எடுத்து ஒருபுறம் வைக்கிறாள். கோப்பைக்கு நான்கு. மிஞ்சியவை இரண்டே. ஐஸுக்கு நான்கு வேண்டும், இருக்கும் இரண்டை வைத்தபின் இரண்டு குறைகிறது. மசாலாவுக்கு வேண்டிய இரண்டு முழுவதுமாக இல்லை. இல்லாத அந்த நான்கு நாணயங்களையும் புள்ளிக்கோட்டு வட்டங்களாக வரையுங்கள். நட்டம் என்ற சொல் உச்சரிக்கப்படவே தேவையில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே திண்ணை, அதே கோணம், அதே புள்ளிக்கோடுகள் திரும்ப வரட்டும். அவை பெருகுவதையும் குறைவதையும் குழந்தை தானே பின்தொடரும்.

உரையாடல் அந்த இடத்தில் இவ்வளவு போதும்:

“அக்கா, நூறு ரூபா! நாம பணக்காரங்க!”

“தயிருக்கு யாருடா குடுப்பா?”

விவரிப்பாளர் குரல் இருந்தால் அது எழுத்துத் தமிழில் இருக்கலாம். பாத்திரங்கள் மட்டும் பேச்சுத் தமிழில்தான் பேச வேண்டும். தெருமுனையில் மோர் விற்கும் பிள்ளைகள் பாடப்புத்தகம் போலப் பேசினால் சிரிப்பு செத்துவிடும்.

நான்காம் படி: தீர்வை முன்கூட்டியே ஒளித்து வையுங்கள்

மூன்றாம் நாள் விற்பனை ஏன் உயர்ந்தது? இலவசத்தோடு யாரும் விலையில் போட்டியிட முடியாது. ஆனால் பந்தலில் உள்ள பானை நண்பகலுக்குள் காலியாகிவிடுகிறது, பெரியவரும் சாப்பிட்டு உறங்கப் போய்விடுகிறார்; வெயில் உச்சத்தில் இருக்கும் பன்னிரண்டரை மணிக்குத் தெருவில் மோர் கிடையாது. இன்பா கடையைத் திறக்கும் நேரத்தை மாற்றுகிறாள், அவ்வளவே.

இந்தத் தீர்வு வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றாமல் இருக்க, இரண்டாம் நாள் காட்சியின் பின்னணியிலேயே காலிப் பானையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுக்காகத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை வரைந்துவிட வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது அது வெறும் வேடிக்கையாக இருக்கும்; அதன் பொருள் மூன்றாம் நாள்தான் விளங்கும். இரண்டாம் நாள் மீந்த 18 கோப்பை மோரையும் மறந்துவிடாதீர்கள். குடும்பம் முழுவதும் இரவு முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பதும், அப்படியும் மிஞ்சியதைப் பாட்டி கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவதும், மூன்றாம் நாள் காலையில் அந்தச் செடி கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்து நிற்பதும் கார்ட்டூனால் மட்டுமே செய்ய முடிந்த காரியங்கள்.

பந்தல் பெரியவரை வில்லனாக்கும் ஆசையைத் தவிர்த்துவிடுங்கள். தர்மத்துக்கு மோர் ஊற்றுபவரைக் கெட்டவராகக் காட்டினால், தன் ஊர்ப் பந்தலில் நின்று மோர் குடித்த குழந்தைக்குக் கதை பொய்யாகப் படும்.

ஐந்தாம் படி: காட்சிப் பலகை

ஒரு பக்கக் கதைச் சுருக்கம் எழுதியதும் முழு வசனத்துக்குத் தாவாமல், நேராகக் காட்சிப் பலகைக்கு, அதாவது கதையைப் படம் படமாக வரிசைப்படுத்தும் வேலைக்கு, செல்வது நல்லது. ஸ்பாஞ்ச்பாப் தொடரில் சுருக்கத்தை வைத்துக்கொண்டு பலகைக் கலைஞர்களே படத்தையும் வசனத்தையும் சேர்த்து உருவாக்கும் முறைதான் பின்பற்றப்பட்டது. கண்ணால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிடும் தவறு அதனால் குறையும். ஒட்டுத்தாள்களில் ஒரு தாளுக்கு ஒரு படம் என்று பென்சிலில் கிறுக்கிச் சுவரில் ஒட்டுங்கள். அழகு முக்கியமில்லை. ஒன்றரை நிமிடத்துக்குள் கடை திறந்திருக்க வேண்டும், நான்காவது நிமிடத்துக்குள் முதல் நாள் நாணயக் காட்சி முடிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: குரல், பிறகு வாய்

குரல்களை முதலில் பதிவு செய்து, அதற்கேற்பப் பின்னர் வரைவதே வழக்கமான வரிசை. கைப்பேசியே போதும், மெத்தை விரித்த அறையில் எதிரொலி குறையும். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவும்.

வாய் வடிவங்களுக்கு ஆங்கில ஒலிகளை வைத்து வரைந்த அட்டவணைகளே இணையத்தில் மிகுதி. தமிழுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆ, ஈ, ஊ, ஏ, ஓ ஆகிய ஐந்து உயிர்களுக்கு ஐந்து வடிவம், உதடு மூடும் ப, ம இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, மேற்பல் கீழுதட்டைத் தொடும் வகரத்துக்கு ஒன்று, மற்ற மெய்களுக்கெல்லாம் பொதுவாகச் சற்றே திறந்த வாய் ஒன்று. எட்டு வடிவங்களில் வேலை முடிந்துவிடும். ப, ம வரும் இடத்தில் வாய் மூடாமல் போனால் மட்டும் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். ‘அம்மா’ என்ற சொல்லில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: வரையும் அளவு

நொடிக்கு 24 சட்டகங்கள் (திரையில் அடுத்தடுத்து வந்துபோகும் நிலைப்படங்கள்) என்றால் 11 நிமிடத்துக்கு 15,840 சட்டகங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 7,920 படங்கள் வேண்டும். முதன்முறை முயல்பவர் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. முதல் நாள் நாணயக் காட்சியை மட்டும் 90 நொடிகளில் செய்யுங்கள். அதே முறையில் 1,080 படங்கள்தான், அதிலும் பெரும்பகுதியில் வாயும் கையும் மட்டுமே அசையும். 1957இல் தொடங்கிய ஹான்னா-பார்பெரா என்ற அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனத்தின் யோகி கரடிக்குக் கழுத்துப் பட்டையும் டையும் மாட்டியிருப்பார்கள். உடல் அப்படியே நிற்க, தலையை மட்டும் தனித்தாளில் மாற்றி வரையும்போது இணைப்பு தெரியாமல் அது மறைத்துவிடும். இன்பாவின் கழுத்தில் ஒரு துண்டு போட்டுவிடுங்கள், மோர் விற்பவளுக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். வரைவதற்கு 2016 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கும் ஓப்பன்டூன்ஸையோ கிரிட்டாவையோ பயன்படுத்தலாம்.

எட்டாம் படி: ஒலியை அணைத்துச் சோதியுங்கள்

வண்ணம் தீட்டுவதற்கு முன்னால், பலகைப் படங்களைக் குரலோடு கோத்த முன்னோட்டத்தை உருவாக்கிக்கொள்ளுங்கள். பின்னர் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், அவர்கள் கைகளைக் கவனியுங்கள். புள்ளிக்கோட்டு வட்டங்கள் வரும்போது ஒரு குழந்தையாவது விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் வண்ணப் பெட்டியைத் திறக்கலாம். எவரும் எண்ணவில்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், நாணயங்களை இன்னும் பெரிதாகவும் இன்னும் மெதுவாகவும் நகர்த்தி வரைய வேண்டியிருக்கும்.