வேறு துறையில் ஆய்வு செய்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கம்பஸில் நாலாம் வருட ஆய்வை ஒரு துறையில் செய்தாயிற்று. மேற்படிப்பை இன்னொரு துறையில் தொடர விருப்பம். அந்தப் பழைய ஆய்வை விண்ணப்பத்தில் போடலாமா, மறைத்துவிடலாமா என்று பலர் குழம்புகிறார்கள். போடுங்கள். உங்களால் ஆய்வு செய்ய முடியும் என்பதற்கு அதைவிட வலுவான அத்தாட்சி உங்களிடம் வேறில்லை.

விளக்குவதற்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்தவர். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ந்தவர். இப்போது பொதுச் சுகாதாரத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

படி 1: தலைப்பை ஒதுக்கிவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் ஆய்வேட்டின் தலைப்பை எழுதி வெட்டிவிடுங்கள். அதற்குக் கீழே உண்மையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கிணறுகளை எப்படித் தெரிவு செய்தீர்கள்? மாரியிலும் கோடையிலும் மாதிரி எடுத்தீர்களா? கருவியின் அளவீடு சரிதானா என்று எப்படிச் சோதித்தீர்கள்? விடுபட்ட தரவை என்ன செய்தீர்கள்? எந்த மென்பொருள்?

நம்முடையவரின் தாளில் முக்கியமான ஒரு வரி இருக்கும். ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் உரம் போட்ட வெங்காயத் தோட்டமும் இருக்கிறது, மலசலகூடக் குழியும் இருக்கிறது. நைத்திரேற்று எதிலிருந்து வந்தது? இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கும்போது ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பதற்கு அவர் தலையைப் பிய்த்திருப்பார். பொதுச் சுகாதாரத்தில் ஒரு நோய்க்குக் காரணம் தேடுபவர்கள் நாள்தோறும் மல்லுக்கட்டுவதும் இதே சிக்கலோடுதான். இப்படி இரண்டு மூன்று வரிகள் அகப்பட்டால் போதும். மற்றவை சீவியில் (CV) ஒரு மூலையில் இருக்கட்டும்.

படி 2: இல்லாததை நிரப்புங்கள்

நீங்கள் சேர விரும்பும் கற்கைநெறியின் முதல் அரையாண்டுப் பாடங்களைப் பார்த்து, உங்கள் ட்ரான்ஸ்கிரிப்டில் இல்லாதவற்றைக் குறியுங்கள். ஒன்லைன் சான்றிதழ் ஒன்றிரண்டு எடுக்கலாம். ஆனால் சான்றிதழ்களைக் குவிப்பதைவிட, புதிய துறையில் சின்னதாக ஒரு வேலையைச் செய்து காட்டுவது மேல் என்பது என் கட்சி. எங்கள் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் அறிக்கை வெளியிடுகிறது. அதில் யாழ்ப்பாணத்து டெங்கு எண்ணிக்கையும் இருக்கும். சில வருட எண்ணிக்கையை எடுத்து மழைவீழ்ச்சியோடு வைத்துப் பார்த்து, நாலு பக்கத்தில் எழுதுங்கள். வடகீழ்ப் பருவமழையை ஒட்டி டெங்கு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த விசயம், புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனாலும் உங்கள் கை புதிய துறையின் தரவில் பட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

படி 3: நாட்டைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

ஜேர்மனியில் பல மாஸ்டர்ஸ் நெறிகள், முதல் பட்டத்தில் இந்தப் பாடத்தில் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கும். அது இல்லையென்றால் எவ்வளவு நல்ல கடிதமும் உதவாது. பிரித்தானியாவில் துறை மாறி வருபவர்களுக்கென்றே ஒரு வருட மாஸ்டர்ஸ் சில உண்டு. அமெரிக்காவில் இளமாணியோடு நேரே பிஎச்டிக்கே விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே ஆய்வு அனுபவத்தைத் துருவிப் பார்ப்பார்கள். இலங்கையிலேயே படிப்பதென்றால் தேசியத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மாஸ்டர்ஸ் 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10, எம்பில் 11, பிஎச்டி 12. பிறகு பிஎச்டி செய்யும் எண்ணம் இருந்தால் ஆய்வு சேர்ந்ததையே எடுங்கள்.

படி 4: நோக்க அறிக்கை (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கடிதம்)

அநேகமானோர் எழுதுவது இப்படி இருக்கும்:

“எனது ஆய்வு விவசாயத்தில் அமைந்திருந்தாலும், சிறுவயது முதலே மக்களுக்குச் சேவை செய்வதில் ஆர்வம் கொண்டிருந்தேன்.”

“இருந்தாலும்” என்று மன்னிப்புக் கேட்பது போல் தொடங்காதீர்கள். பழைய ஆய்வு எந்தக் கேள்வியில் முட்டி நின்றதோ அங்கிருந்து தொடங்குங்கள்:

“குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் எவை என்று என் ஆய்வால் சொல்ல முடிந்தது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அதைக் கண்டறியும் முறைகளைக் கற்கவே விண்ணப்பிக்கிறேன்.”

இதில் துறை மாறியவர் தெரியமாட்டார். ஒரே கேள்வியின் பின்னால் போகிறவர்தான் தெரிவார். உயர்தரப் பரீட்சையின் இசட் ஸ்கோர் கொண்டுபோய் விட்ட பீடத்தில்தானே நம்மில் பலர் படித்தோம்? அந்தக் கதை உண்மைதான். ஆனால் வெளிநாட்டுத் தெரிவுக் குழுவுக்கு அதை விளக்கவே ஒரு பந்தி போய்விடும், விட்டுவிடுங்கள்.

படி 5: சிபாரிசுக் கடிதம்

புதிய துறையில் பெயர்பெற்ற, ஆனால் உங்களைத் தெரியாத பேராசிரியரிடம் போகாதீர்கள். பழைய சுப்பர்வைசரிடமே கேளுங்கள். “எங்களை விட்டுட்டுப் போறான் எண்டு சேர் கோவிப்பாரோ” என்று தயங்க வேண்டாம், காரணத்தை நேரே சொன்னால் அநேகமானவர்கள் விளங்கிக்கொள்வார்கள். தலைப்பைப் பற்றியல்ல, நீங்கள் வேலை செய்த விதத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேளுங்கள்.

இன்னொரு சிக்கல்: “நீர் எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்” என்று சொல்லக்கூடும். முழுக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் நோக்க அறிக்கைக்கும் அந்தக் கடிதத்துக்கும் ஒரே நடை இருந்தால் வாசிப்பவருக்குப் பிடிபட்டுவிடும். முதலாவது படியில் எழுதிய தாளை ஒரு பக்கக் குறிப்பாக்கிக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். கடிதம் அவருடைய பல்கலைக்கழக ஈமெயிலிலிருந்து போவது நல்லது.

படி 6: திகதிகள்

அமெரிக்கப் பிஎச்டி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால், பல பல்கலைக்கழகங்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை தவணை தரும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருடங்களுக்கே செல்லும், ஆகவே அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். ட்ரான்ஸ்கிரிப்டுக்கு மட்டும் இப்போதே விண்ணப்பியுங்கள். கடிதம் தருபவருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுங்கள், கடைசித் திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஞாபகப்படுத்தி ஒரு ஈமெயில் போடுங்கள்.