தறிச் சத்தம் தலைக்குள் வந்த வாரம்

விசைத்தறி ஊரான சோமனூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தறிச் சத்தம் காதில் விழவே விழாது. ஆனால் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வாரம், வீட்டுக்கு வந்தால் தறியின் ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் விழுந்தது, மிக்ஸி, ஹாரன், டியூப்லைட் இரைச்சல் எல்லாம் அதே கனத்தில் சேர்ந்துகொள்ள, அம்மா "சாப்படறயா கண்ணு" என்று பக்கத்தில் நின்று கேட்டதுகூட அதற்குள் கரைந்து போனது. காதில்தான் கோளாறு என்று பயந்தேன்.

காதில் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப வரும் சத்தத்தை வடிகட்ட மூளைக்கு ஒரு சல்லடை உண்டு. அரை நொடி இடைவெளியில் இரண்டு 'டிக்' கொடுத்தால், முதல் சத்தத்துக்குச் சுமார் 50 மில்லிநொடியில் மூளையில் எழும் மின்அலை இரண்டாவதுக்கு நன்றாகக் குறையும், 'இதுதான் தெரியுமே' என்று மூளை விட்டுவிடும். நல்ல ஆரோக்கியமான ஆட்களைப் பனித்தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி உடம்பைப் பதற வைத்தாலே இந்தச் சல்லடை கொஞ்ச நேரம் ஓட்டையாகிறது என்று 1990களிலேயே சோதித்திருக்கிறார்கள். பதற்றத்தில் பெருகும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்துக்கு இதில் பங்குண்டு என்கிறார்கள்.

இது தெரிந்ததுமே பாதி பயம் போனது. அப்புறம் செய்ததெல்லாம் சின்ன விஷயம்தான். போனை சைலண்டில் போட்டேன், வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து நாலு எண்ணி மூச்சை இழுத்து எட்டு எண்ணி விட்டேன், ராத்திரி தம்பியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வந்து தூங்கினேன். தூக்கம்தான் அதிகம் உதவியது. வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

அப்பா வீடு திரும்பிய நாலாம் நாள், தறி ஓடுகிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.