பேர்ஸ்பெக்ஸ் ஷீட்டை மிஷின் இல்லாமல் வீட்டிலேயே வெட்டுவது எப்படி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் போய் "அக்ரிலிக்" என்று கேளுங்கள், "பேர்ஸ்பெக்ஸ்" என்று கேளுங்கள், இரண்டும் ஒரே சாமான்தான், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு. பேர்ஸ்பெக்ஸ் என்பது 1934இல் பதிவான ஒரு வணிகப் பெயர்; நாளடைவில் பொருளின் பெயராகவே நின்றுவிட்டது. சிற்றுண்டி வைக்கும் சோட்டீஸ் பெட்டியின் பக்கத்தகடு, சாமிப் படத்தின் முன்தகடு, கடை மேசையில் நிற்கும் விலைப்பலகை போன்ற சின்ன வேலைகளுக்கு 3 மில்லிமீற்றர் ஷீட் தாராளமாகப் போதும். அதை வெட்ட கரண்டில் ஓடும் வாள் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இது அறுக்கும் வேலை இல்லை, கீறி முறிக்கும் வேலை. அக்ரிலிக் வளைந்து கொடுக்காது, முறியும். மேலே ஒரு நேரான பள்ளம் இருந்தால், வளைக்கும் விசை முழுக்க அந்தப் பள்ளத்தின் அடியில் போய்க் குவியும். முறிவும் அந்தக் கோட்டிலேயே ஓடும். பள்ளம் ஆழம் போதாவிட்டால் முறிவு தன் பாட்டுக்கு வேறு பக்கம் போய்விடும். பழுதாகும் ஷீட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பழுதாகின்றன.

ஷீட் வாங்கும்போது

முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி. 3 மில்லிமீற்றரில் அது பத்தரைக் கிலோ அளவில் வரும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம், பாய்மரம் மாதிரி இழுக்கும். பெயர்ப்பலகை செய்யும் இடங்களில் வெட்டுத்துண்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பழகுவதற்கு அதுவே நல்லது.

வாங்கிய துண்டின் மூலையொன்றைக் கொஞ்சம் முறித்துப் பாருங்கள். முறியாமல் மடிந்து வந்தால் அது பொலிகாபனேற் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். இந்த முறை அதற்குச் சரிவராது. மேலே ஒட்டியிருக்கும் பேப்பரையோ பிளாஸ்டிக் தாளையோ இப்போது உரிக்க வேண்டாம். கோடு போடவும் அது உதவும், கீறல் விழாமலும் காக்கும்.

தேவையானவை

கொக்கி போல வளைந்த நுனியுள்ள பிளாஸ்டிக் கட்டர், இரும்பு அடிமட்டம், இரண்டு ஜி கிளாம்ப் (மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடி), ஷீட்டை விட நீளமான இரண்டு நேரான மரச்சட்டம், விளிம்பு கூராக இருக்கும் மேசை, மெல்லிய மார்க்கர், கண்ணுக்குக் கண்ணாடி. பிளாஸ்டிக் அடிமட்டம் எடுக்காதீர்கள், கட்டர் அதன் ஓரத்தையே சீவிவிடும்.

கொக்கிக் கட்டர் கிடைக்காவிட்டால் சாதாரண பேப்பர் கட்டரைத் திருப்பிப் பிடித்து, பிளேட்டின் முதுகுப் பக்க நுனியால் இழுக்கலாம். கூரான பக்கம் பொருளைப் பிளந்துகொண்டு உள்ளே போகும், வழியும் தவறும். முதுகு நுனி உழுவது போலப் பொருளைச் சுரண்டி எடுக்கும். நமக்கு வேண்டியது அந்த உழவுதான்.

கோடு போடுவதற்கு முன் கணக்கு

2 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 61 × 61 செ.மீ. அதில் 40 × 30 செ.மீ. தகடு இரண்டு எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 40 செ.மீ.யில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரே வெட்டு. பாதியில் நிற்கும் வெட்டை முறிக்க ஏலாது, அதனால் எப்போதும் முழு நீள வெட்டுத்தான் முதலில் வரும். இப்போது கையில் 61 × 40 துண்டு. அதில் இரண்டு 30 எடுத்தால் 1 செ.மீ. கீலம் ஒன்று மிஞ்சும். சிக்கல் அங்கேதான். 1 செ.மீ. கீலத்தைக் கையால் பிடித்து முறிக்க முடியாது, பல்லுப்பல்லாக உடையும். முறிக்கும் பக்கம் குறைந்தது 4 செ.மீ.யாவது இருக்கட்டும். இந்தக் கணக்கில் இரண்டையும் 30.5 ஆகப் பிரித்து, தகடு பூட்டும் சட்டத்தை அதற்கேற்ப அடிப்பதே புத்தி. சட்டம் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கீலத்தை ஹெக்ஸோவால் (இரும்பு அறுக்கும் கைவாள்) அறுத்து எடுங்கள்.

கீறுதல்

அடிமட்டத்தைக் கோட்டில் வைத்து, ஷீட்டோடு சேர்த்து மேசையில் கிளாம்ப் போடுங்கள். தேவையான துண்டு அடிமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கட்டர் நழுவினால் கழிவுப் பக்கத்தில்தான் கீறல் விழும்.

முதல் இரண்டு மூன்று இழுப்பு அழுத்தமே இல்லாமல், பாதை போடுவதற்கு மட்டும். பிறகு அழுத்தி இழுங்கள். சரியாகப் போனால் நுனிக்கு முன்னால் மெல்லிய சுருள் ஒன்று எழுந்து வரும், பென்சில் சீவும்போது வருவது போல. தூள் மட்டும் பறந்தால் பிளேட் மழுங்கிவிட்டது, அல்லது கட்டரைப் பிடிக்கும் சரிவு பிழை. 2 மில்லிமீற்றருக்கு 5, 6 இழுப்பும் 3 மில்லிமீற்றருக்கு 8 முதல் 10 இழுப்பும் வேண்டும். பள்ளம் தடிப்பில் மூன்றிலொரு பங்காவது இருக்க வேண்டும், 3 மில்லிமீற்றரில் 1 மில்லிமீற்றர். நகத்தை ஓட்டிப் பாருங்கள், தண்டவாளத்தில் போவது போல விலகாமல் ஓட வேண்டும்.

தொடக்கக்காரர் விடும் இடம் இரு முனைகளும். கை தன்னாலேயே விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னால் தளர்ந்துவிடும், பள்ளம் அங்கே மேலோட்டமாகிவிடும். மூலை உடைந்து வருவது இதனால்தான். இரு முனைகளிலும் தனியாக நான்கைந்து சின்ன இழுப்புக் கொடுத்து, பள்ளத்தைப் பக்கவாட்டு விளிம்பிலும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

முறித்தல்

பள்ளம் மேலே பார்க்க, மேசை விளிம்புக்கு நேர் மேலே வரட்டும். மேசைப் பக்கத்துப் பாதியின் மேல் ஒரு மரச்சட்டத்தைப் பள்ளத்தோடு ஒட்ட வைத்துக் கிளாம்ப் போடுங்கள். வெளியே நீட்டும் பக்கத்தில் இரண்டாவது சட்டத்தை முழு நீளத்துக்கும் வைத்து, இரு கையாலும் பிடித்து, ஒரே மூச்சில் கீழே அமுக்குங்கள். "டக்" என்ற ஒரே சத்தத்தோடு பிரிய வேண்டும். மெதுமெதுவாக வளைத்தால் முறிவு விலகும். அமுக்கியும் அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். கழற்றி இன்னும் மூன்று இழுப்புக் கீறுங்கள்.

4, 5 மில்லிமீற்றர் ஷீட்டென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் கீறி முறிக்கலாம். 6 மில்லிமீற்றரை வாளால் அறுப்பதே நல்லது.

வளைவும் வாளால் அறுப்பதும்

வளைவை முறிக்க முடியாது. 'ப' வடிவச் சட்டத்தில் மெல்லிய பிளேட் பூட்டிய கோப்பிங் வாள் வேண்டும். நேர் அறுப்புக்கு ஹெக்ஸோவில் அங்குலத்துக்கு 32 பல்லுள்ள பிளேட். கெதியாக அறுத்தால் சூட்டில் அக்ரிலிக் இளகி, பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும். நிதானமாக அறுங்கள், பிளேட்டில் மெழுகுதிரியைத் தேயுங்கள். வெட்டுக்கு ஒட்டியே கிளாம்ப் இருக்க வேண்டும். ஷீட் அதிர்ந்தால் வெடிக்கும். உள்மூலைகளைக் கூராக விடவேண்டாம், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

விளிம்பு

மெல்லிய அரத்தால் ஒரே திசையில் இழுத்து, பிறகு சாண்ட் பேப்பர் 220, 400, 800, 1200 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் பழைய சாரன் துணியில் வெள்ளைப் பற்பசை வைத்துத் தேய்த்தால் மங்கல் போய்ப் பளபளப்பு வரும். ஸ்பிரிட், தின்னர், பெற்றோல் எதையும் கிட்டவே கொண்டுவர வேண்டாம். வெட்டிய விளிம்பில் பட்டால் முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் கிளம்பும், அவற்றைத் திருத்த வழியே இல்லை. சவர்க்காரத் தண்ணீர் போதும்.

பொருத்தும்போது

அக்ரிலிக் சூட்டில் நன்றாக நீளும்: ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர். 40 செ.மீ. தகடு 20 பாகை சூடேறினால் அரை மில்லிமீற்றருக்கு மேல் கூடும். ஆகவே சட்டத்தின் அளவை விட 2 மில்லிமீற்றர் குறைத்தே வெட்டுங்கள். ஆணி ஓட்டையை ஆணியை விட 1 மில்லிமீற்றராவது பெரிதாக விடுங்கள், ஆணியை இறுக்கி முறுக்க வேண்டாம். சோட்டீஸ் பெட்டிக்குள் சூடு கொடுக்கும் பல்ப் இருந்தால் தகட்டிலிருந்து தள்ளி வையுங்கள், 80 பாகைக்கு மேல் போனால் தகடு நெளியத் தொடங்கும்.

தகட்டைப் பொருத்துகிற அன்றே பேப்பரை உரித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வெயில் படவிட்டால் பசை இறுகி, நகத்தால் சுரண்ட வேண்டிவரும்.