நடுகல் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் செங்கம் பக்கத்துக் கிராமச் சாலையொன்றில் மூன்று இளைஞர்களோடு நடுகல் பார்க்கச் சென்றிருந்தேன்; வீரமரணம் அடைந்தவர் நினைவாக நட்டு வைத்த கல்தான் நடுகல். கல்லருகே சென்றதும் அவர்களில் ஒருவர் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் என் பையிலும் அதே சாக்குக்கட்டி இருந்தது. தண்ணீர் கொண்டுசெல்லுங்கள், தொப்பி அணியுங்கள் என்பவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிட்டு, அன்று அந்த இளைஞர்களிடம் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

"நடுகல் எங்கே இருக்கிறது?" என்று கேட்பது

நடுகல் என்பது ஏட்டுச் சொல். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவரிடம் அப்படிக் கேட்டால், மைல்கல்லையோ நில அளவைக் கல்லையோதான் காட்டுவார். செங்கம், தருமபுரி வட்டாரத்தில் அதற்கு வேடியப்பன் என்று பெயர். கொங்குப் பகுதியில் புலியோடு போரிட்டவனின் கல்லைப் புலிகுத்திக்கல் என்பார்கள். "இங்கே வேடியப்பன் கோயில் இருக்கிறதா, எழுத்து வெட்டிய கல் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கல்லைத் தேடிச் சென்ற இடத்தில் மூன்று கற்களைக் காட்டுவார்கள்.

பழைய நூலின் முகவரியை அப்படியே நம்புவது

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் பற்றிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் உண்டு, புறப்படவும் வேண்டும். ஆனால் அப்போது அப்பகுதி வட ஆற்காடு மாவட்டம். 1989-இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று, பழைய செங்கம் வட்டமும் பின்னர் பிரிக்கப்பட்டது. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதும் வழக்கம். கைப்பேசி வரைபடம் காட்டும் முதல் ஊரை நோக்கி வண்டியைத் திருப்பாமல், பக்கத்து ஊர்களின் பெயர்கள் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

எழுத்தின் மேல் சாக்குக்கட்டி தேய்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கம்பங்கொல்லையின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. வில்லும் குறுவாளும் ஏந்திய வீரன், தலைக்கு மேலே நான்கு வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவம். நண்பகல் வெயிலில் ஒன்றும் புலப்படவில்லை. கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டினேன். பிறகு எழுத்துகளின் பள்ளங்களில் சாக்குக்கட்டியால் வரைந்து, பளிச்சென்று வந்ததும் படம் எடுத்துக்கொண்டேன். கொல்லைக்காரப் பெரியவர் வரப்பில் நின்றபடி, "ஏம்பா, சாமி மேல எதுக்குப்பா சுண்ணாம்பு பூசுற?" என்று கேட்டார். கல்வெட்டு ஆய்வு என்று நான் பெருமையாகச் சொன்ன பதில் அவருக்கு விளங்கவில்லை. அவர் கேட்டதும் எனக்கு அன்று விளங்கவில்லை.

கம்பித் தூரிகை பாசியோடு கல்லின் மேற்பரப்பையும் உராய்ந்து எடுக்கும் என்பது எளிதில் புரியக்கூடிய கேடு. பெரிய கேடு வேறு. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். சிதைந்த கல்லில் எந்தக் கீறல் உளிபட்டது, எது மழைபட்டது என்பதைக் கண் ஊகிக்கிறது. சாக்குக்கட்டி அந்த ஊகத்தை எழுத்தாக்கிவிடுகிறது. நான் ஓர் ஊர்ப் பெயரின் முதலெழுத்தைப் பகரமாக எண்ணி வரைந்துவிட்டு, அப்படியோர் ஊரை அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் தேடி அலைந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் அதே கல்லின் படத்தை என்னிடம் காட்டி, அதே தவறான பெயரைப் படித்தார். மழைக்கும் போகாமல் பள்ளத்தில் ஒட்டியிருந்த என் வெண்கோட்டைத்தான் அவர் கல்வெட்டாகப் படித்திருந்தார்.

எடுத்தனூர் நடுகல்லை நினைத்துப் பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்று எழுத்து சொல்கிறது. அந்தப் பெயரில் மட்டும் இரண்டு வகரங்கள் இருக்கின்றன. என்னைப் போன்ற ஒருவன் அந்தக் கல்லுக்கு முதலில் போய்ச் சேர்ந்திருந்தால், நாய்க்கு வேறு பெயர் வைத்துவிட்டு வந்திருப்பான்.

செய்ய வேண்டியது மிகவும் எளிது. வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். பள்ளத்தில் நிழல் தேங்கி எழுத்து தானாக எழுந்து நிற்கும். கல் வடக்கு நோக்கியிருந்தாலோ நண்பகலில் மாட்டிக்கொண்டாலோ, முகம் பார்க்கும் கண்ணாடியொன்றைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின் மேற்பரப்போடு ஒட்டி ஓடவிடுங்கள். இருட்டிவிட்டால் கைவிளக்கை அதே போலச் சாய்த்துப் பிடியுங்கள். இடப்புறம், வலப்புறம், மேற்புறம் என்று ஒளியின் திசையை மாற்றி ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுத்தால், ஒரு திசையில் எழுத்தாகத் தெரிந்த கீறல் மறு திசையில் வெறும் வெடிப்பென்று காட்டிக் கொடுத்துவிடும். சாக்குக்கட்டிக்குப் பதில் மைதா மாவைத் தடவலாம், கழுவினால் போய்விடுமே என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊகத்தை வரைவதில் மாவுக்கும் சாக்குக்கட்டிக்கும் வேறுபாடு இல்லை. ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை ஏற்றி எடுக்கும் முறையான மைப்படியைப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

மஞ்சளையும் எண்ணெயையும் துடைப்பது

கூடாது. அது வழிபாட்டில் உள்ள தெய்வம். பூசாரியைக் கேட்டு, அடுத்த நீராட்டு நாளில் வந்து பாருங்கள்.

செருப்போடு அருகே செல்வது

கழற்றிவிடுங்கள். பொட்டல் காட்டில் நின்றாலும் அது கோயில்தான்.

உடைந்த துண்டை வீட்டுக்கு எடுத்து வருவது

திருட்டு.

இடத்தைத் துல்லியமாக ஊருக்கெல்லாம் அறிவிப்பது

இதை நான் தாமதமாகவே கற்றேன். நடுகல்லின் அடியில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் வரைபடக் குறியோடு படம் பகிர்ந்த ஒரு கல்லை மறு ஆண்டு காணச் சென்றபோது, அது முகங்குப்புறக் கிடந்தது. அருகே முழங்காலளவு குழி. என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா என்பதற்குச் சான்று இல்லை. ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் கயிறு கட்டி அதைத் தூக்கி நிறுத்தினார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அதன்பின் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிய கல்லாக இருந்தால் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மட்டும் இடத்தைத் தெளிவாக எழுதி அனுப்புகிறேன்.